நடுவில் கிடந்த புத்தகம்

எங்கள் பாலர் பாடசாலையின் வாசிப்பு மூலையில், நாலு வயதுக்காரருக்கென்று செய்த தாழ்ந்த நாற்காலியில் முழங்கால்கள் நெஞ்சைத் தொட உட்கார்ந்தபடி, எண்பதைத் தாண்டிய ஒரு முதியவர் தம் பேரனுக்கு எபிரேயப் படக்கதை வாசித்துக்கொண்டிருந்தார். புத்தகம் பேரனைப் பார்த்துத் திறந்திருந்தது. தாத்தா அவனுக்கு எதிரே இருந்தார். எழுத்துகள் அவருக்குத் தலைகீழாகத்தான் தெரிந்திருக்க வேண்டும், ஆனாலும் ஒரு சொல்லிலும் தடக்காமல் வாசித்துக்கொண்டே போனார். மனப்பாடமாக இருக்கும் என்று எண்ணி, அந்தக் கிழமைதான் வந்து சேர்ந்த இன்னொரு புத்தகத்தை எடுத்து அதே திசையில் வைத்தேன். அதையும் அப்படியே வாசித்தார். விசாரித்தபோது சிரித்தார். யேமனில் அவர் சிறுவனாகப் படித்த அறையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஒரே புத்தகம் இருந்ததாம். அது நடுவில் கிடக்கும், பிள்ளைகள் சுற்றி உட்காருவார்கள். அவருக்குக் கிடைத்த இடம் புத்தகத்தின் தலைமாடு.

யேமன் நாட்டு யூதர்களிடையே இது அபூர்வமான திறமை இல்லை என்று பிறகு அறிந்தேன். அச்சுப் புத்தகம் அரிதாக இருந்த அந்நாட்டில், மோரி என்று அழைக்கப்பட்ட ஆசிரியரின் முன் ஒற்றைப் பிரதி ஒன்றைச் சுற்றி அமர்ந்து எழுத்துக் கற்ற பிள்ளைகள், தாம் அமர்ந்த பக்கத்துக்கு ஏற்பத் தலைகீழாகவோ பக்கவாட்டிலோ வாசிக்கப் பழகினார்கள். 1949-50இல் ஏறத்தாழ 49,000 பேர் விமானங்களில் இஸ்ரேலுக்குக் கொண்டுவரப்பட்டபோது, இந்தப் பழக்கமும் அவர்களோடு பயணம் செய்தது. எங்கள் தாத்தா அவர்களில் ஒருவர். அப்போது அவருக்கு ஏழோ எட்டோ வயது.

அவர் எழுந்து போன பின்னரும் அந்தக் காட்சி என்னை விடவில்லை. குழந்தையை நடுவில் வைத்துக் கற்பிப்பது எப்படி என்று இரண்டு ஆண்டுகள் கல்லூரியில் படித்துச் சான்றிதழ் வாங்கியவள் நான். அவருடைய அறையில் நடுவில் இருந்தது புத்தகம்.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, ரொறன்ரோவின் கிழக்கே ஸ்காபரோவில் குடியிருப்பவள். பாலர் கல்விப் படிப்பை முடித்த கையோடு எனக்குக் கிடைத்த வேலை நகரின் மறுகோடியில், யூதக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வடக்கு நோக்கி நகர்ந்து குடியேறிய பதர்ஸ்ட் வீதியை ஒட்டிய ஒரு பள்ளியில். பேருந்து மாறிப் போய்ச் சேர ஒன்றரை மணித்தியாலம் பிடிக்கும். மோரா என்றால் எபிரேயத்தில் ஆசிரியை. பிள்ளைகள் அதைப் பெயருக்கு முன்னால் சேர்த்து அழைப்பார்கள். நான் யூதப் பெண் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும், இருந்தும் அவர்களுக்கு நானும் ஒரு மோராதான். உணவு விதிகளும் பண்டிகை வரிசையும் வேலைக்கு இடையில் நான் கற்றுக்கொண்டவை. எனவே இங்கே எழுதுவது உள்வீட்டுக்காரியின் சொல் ஆகாது. கதவு திறந்திருந்ததால் பார்க்க முடிந்தவளின் சொல்.

எங்கள் வகுப்பில் 24 பிள்ளைகள், மூன்று பெரியவர்கள். இரண்டரை வயதுக்கு மேற்பட்ட பாலர்களுக்கு எட்டுப் பேருக்கு ஒருவர், ஒரு குழுவில் 24 பேருக்கு மேல் கூடாது என்பது ஒன்ராறியோ மாகாணத்தின் விதி. இதை நவீனக் குழந்தை உளவியல் தந்த எண் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வகுப்பாசிரியை ஒருநாள் மதிய உறக்க வேளையில், யூதச் சட்டங்களும் விவாதங்களும் அடங்கிய பழைய நூலான தால்மூத்தில் இதற்கு மிக அருகில் ஓர் எண் இருப்பதாகச் சொன்னார். ஓர் ஆசிரியருக்கு 25 பிள்ளைகள். 40 பேரானால் ஊர்ச் செலவில் ஓர் உதவியாளர். 50 பேரானால் இரண்டு ஆசிரியர்கள். அதே பக்கத்தில்தான், முதலாம் நூற்றாண்டில் தலைமைக் குருவாக இருந்த யோசுவா பென் கம்லா, ஊர்தோறும் ஆசிரியரை நியமித்து ஆறேழு வயதுப் பிள்ளைகளைச் சேர்க்க ஏற்பாடு செய்தார் என்ற செய்தியும் வருகிறது. தந்தை இல்லாத பிள்ளைக்குக் கற்பிப்பவர் யார் என்ற கேள்வியிலிருந்து பிறந்த ஏற்பாடு அது.

அந்தப் பக்கத்தை நான் மொழிபெயர்ப்பில் பலமுறை வாசித்திருக்கிறேன். குழந்தையை மையமாகக் கொண்ட கல்வி, மரபுக் கல்வி என்று நாங்கள் இரண்டாகப் பிரித்து வைத்திருப்பவை அங்கே ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கின்றன. ஆறு வயதுக்கு முன் பிள்ளையைச் சேர்க்காதே என்கிறார் ராவ் என்ற அறிஞர், ஓர் ஆசிரியரிடம். அதுவரை எனக்கு உடன்பாடு. ஆறு வயதான பின் சேர்த்துக்கொள், மாட்டுக்கு ஊட்டுவதுபோல அவனுக்கு ஊட்டு என்கிறார் அடுத்த மூச்சில். அடிக்க வேண்டி வந்தால் செருப்பு வாரால் மட்டும் அடி என்கிறார். பூவரசந்தடியின் கீழ் வாய்பாடு படித்த எனக்கு அது சலுகையாகவே பட்டது. கடைசியாக வருகிறது, இன்றைய எங்கள் பயிற்சி நூல்கள் எதிலும் இத்தனை சுருக்கமாக இல்லாத ஒரு வரி: வாசிக்கிறவன் வாசிப்பான், வாசிக்காதவன் தன் கூட்டாளிக்குத் துணையாக இருக்கட்டும். பின்தங்கியவனை வெளியே அனுப்பாதே, அவன் அங்கேயே இருக்கட்டும் என்பது அதன் பொருள்.

கிழக்கு ஐரோப்பாவின் ஊர்களில் இந்த மரபு எடுத்த வடிவத்துக்கு ஹேடர் என்று பெயர். அறை என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். பெரும்பாலும் அது மெலமெத் எனப்படும் ஆசிரியரின் வீட்டு அறை, அவருடைய அடுப்பும் மனைவியும் கோழிகளும் பக்கத்திலேயே இருக்கும். மூன்று அல்லது நான்கு வயதில் ஆண்பிள்ளைகள் சேர்க்கப்பட்டார்கள். உதவியாளன் ஒருவன் குளிர்காலத்தில் சின்னவர்களை முதுகில் தூக்கி வருவான். காலையிலிருந்து மாலை வரை படிப்பு. முதலில் எழுத்து, பிறகு வழிபாட்டு நூலை உரக்க வாசித்தல், பிறகு மோசேயின் ஐந்து நூல்களான தோரா. அந்தத் தோராவையும் உலகம் படைக்கப்பட்ட கதையில் தொடங்காமல், பலியிடும் விதிகள் நிறைந்த லேவியராகமத்தில் தொடங்கினார்கள். குழந்தைகள் தூயவர்கள், பலிகளும் தூயவை, தூயவர் வந்து தூயதில் ஈடுபடட்டும் என்பது பழைய உரை ஒன்று தரும் காரணம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஆட்டின் கொழுப்பையும் சிறுநீரகத்தையும் பற்றிய பாடம்! பத்தொன்பதாம் நூற்றாண்டின் சீர்திருத்தக்காரர்கள் ஹேடரைக் கேலி செய்தபோது இதைத்தான் முதலில் எடுத்தார்கள். நியாயமான கேலிதான்.

ஆனால் அதே மரபு எழுத்துக்குத் தேன் தடவியும் கொடுத்தது. மத்திய காலத்தில் ரைன் நதிக் கரைகளிலும் வட பிரான்சிலும் வாழ்ந்த யூதர்கள், தோரா அருளப்பட்ட நாளாகக் கொண்டாடப்படும் ஷாவுவோத் பண்டிகையன்று பிள்ளையை மேலங்கியில் சுற்றித் தூக்கிச் சென்று ஆசிரியரின் மடியில் இருத்துவார்கள். எழுத்துகள் எழுதிய பலகையில் தேன் தடவப்படும். ஆசிரியர் எழுத்தைச் சொல்ல, பிள்ளை திருப்பிச் சொல்லிவிட்டுத் தேனை நக்கும். வசனம் எழுதிய அப்பமும் அவித்த முட்டையும் உண்ணக் கிடைக்கும். விஜயதசமியன்று தட்டிலே பரப்பிய அரிசியில் அம்மம்மா என் விரலைப் பிடித்து அகரம் எழுதுவித்தது நினைவுக்கு வந்ததை மறைக்க முடியாது. அந்த அரிசி வாய்க்குப் போகவில்லை என்பது ஒன்றுதான் வேறுபாடு.

அடுத்த நாளிலிருந்து தேன் கிடையாது. எழுத்தும் புள்ளியும் சேர்த்துச் சொல்லும் பயிற்சிதான். எபிரேயத்தில் 22 எழுத்துகள். அவை எல்லாம் மெய்கள் என்றே சொல்லலாம். உயிரொலி, எழுத்தின் கீழும் மேலும் இடும் கோடு புள்ளிகளாக வருகிறது. கோமெட்ஸ் என்ற குறியும் ஆலெஃப் என்ற எழுத்தும் சேர்ந்தால் ‘ஓ’ என்று, கிழக்கு ஐரோப்பிய யூதரின் வீட்டு மொழியான இத்திஷ் பேசும் பிள்ளைகள் ராகமிட்டுச் சொன்னார்கள். பெத் என்ற எழுத்தோடு சேர்ந்தால் ‘போ’. இப்படியே ஒவ்வொரு எழுத்தையும் ஒவ்வொரு குறியோடும் கூட்டி, அறை அதிரச் சொல்லிச் சொல்லி ஏற்றினார்கள். இதை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ககரமும் இகரமும் சேர்ந்து ‘கி’ ஆவதைச் சொல்லி வளர்ந்த நாக்கு என்னுடையது. அந்த மரபும் உயிர்க்குறிகளை எழுத்துகளின் ஆன்மா என்றே அழைத்தது. குறியில்லாத எழுத்துகள் ஆன்மா இல்லாத உடல்கள் என்று எபிரேயர்கள் சொல்வதாக மெய்யியலாளர் ஸ்பினோசா தம் எபிரேய இலக்கண நூலில் எழுதியிருக்கிறார். உயிர் என்றும் மெய் என்றும் பெயர் வைத்த ஒரு மொழியிலிருந்து போனவளுக்கு அந்த வகுப்பறை அன்றிலிருந்து கொஞ்சம் சொந்தமாகிவிட்டது.

ஒரே வசனத்தை வைத்து இரண்டு தரப்பினரும் வாதாடுவதையும் இந்தப் பள்ளியில்தான் கண்டேன். நீதிமொழிகள் 22:6. நம் பழைய தமிழ் வேதாகமத்தில் அது ‘பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து’ என்று இருக்கிறது. எபிரேய மூலத்தில் ‘நடக்கவேண்டிய’ என்ற சொல் இல்லை. ‘அவன் வழியின்படி’ என்று மட்டுமே இருக்கிறது. எந்த வழி அவனுடைய வழி? பெரியவர்கள் அவனுக்கென்று தீர்மானித்த வழியா, அவனுடைய இயல்பின் வழியா? எங்கள் பள்ளியின் அறிமுகக் கையேட்டில் இந்த வசனம் இரண்டாம் பொருளில் முதல் பக்கத்திலேயே அச்சாகியிருக்கிறது. பேருந்தில் என்னோடு வரும் இன்னொரு ஆசிரியை, இதைவிடக் கட்டுப்பாடான பள்ளி ஒன்றில் வேலை செய்பவர், அங்கும் அதே வசனம்தான் சுவரில் இருக்கிறது என்றார்.

குழந்தையின் பக்கம் சாய்ந்து வாசிக்கும் வழக்கம் வெளியிலிருந்து வந்து ஒட்டியது என்று சொல்பவர்கள் உண்டு. பாதி உண்மை. ஜெர்மானியக் கல்வியாளர் ஃப்ரோபெலின் கிண்டர்கார்ட்டனும், இத்தாலியில் மொண்டிசோரியும் ரெஜியோ எமிலியா நகரமும் உருவாக்கிய முறைகளும் வெளியிலிருந்து வந்தவையே. (மொண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து, போர் முடியும் வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்ததைத் தமிழ் வாசகர்கள் அறிந்திருப்பார்கள்.) ஃப்ரோபெலின் முறையில் முதல் எபிரேயப் பாலர் பள்ளி 1898இல் பாலஸ்தீனத்தின் ரிஷோன் லெசியோன் யூதக் குடியேற்றத்தில் தொடங்கப்பட்டபோது, அதன் நோக்கம் குழந்தையின் சுதந்திரம் மட்டும் இல்லை, வீட்டில் ஏறத்தாழ யாரும் பேசாத ஒரு மொழியைக் குழந்தைகளின் விளையாட்டுக்குள் பேச்சு மொழியாக்குவதும்தான். ஆசிரியைகள் பாட்டும் சொல்லும் தேட வேண்டியிருந்தது. பிள்ளைகள் அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெற்றோருக்குக் கற்பித்தார்கள்.

உள்ளேயிருந்து எழுந்த குரல்களும் உண்டு. 1930களின் வார்சா நகரில் ஒருவருக்கொருவர் தொடர்பற்றவர்கள் போலத் தோன்றும் இரண்டு மனிதர்கள் வாழ்ந்தார்கள். ஒருவர் யானுஷ் கோர்ச்சாக், மருத்துவர், மதச்சார்பற்ற குடும்பத்தில் பிறந்தவர். குரோக்மால்னா வீதியில் 1912இல் திறந்த அநாதை இல்லத்தில் பிள்ளைகளே நடத்தும் நீதிமன்றத்தை வைத்தார். அதில் எந்தப் பிள்ளையும் எந்தப் பெரியவர் மேலும் வழக்குத் தொடுக்கலாம், கோர்ச்சாக்கே பலமுறை பிரதிவாதியாக நின்றார். அதன் சட்டக்கோவையில் முதல் 99 பிரிவுகளும் மன்னிப்பையோ விடுவிப்பையோ பற்றியவை. மற்றவர் கலோனிமஸ் கல்மான் ஷபீரா, ஹசிதியம் என்ற யூதப் பக்தி இயக்கத்தில் பியாசெச்னோ ஊரின் குரு. 1932இல் அவர் வெளியிட்ட மாணவர் கடமை பற்றிய நூல், நேராக மாணவனோடு பேசுகிறது. கட்டளையும் பழக்கமும் மட்டும் கல்வி ஆகாது, பிள்ளைக்குள் மறைந்திருப்பதை வெளிக்கொணர்வதே கல்வி, அதற்கு அவனையே அவனுக்கு ஆசிரியனாக்க வேண்டும் என்பது அதன் வாதம். கோர்ச்சாக் 1942 ஆகஸ்டில் ஏறத்தாழ 200 பிள்ளைகளோடு நாஜிகளின் கொலைமுகாமான திரெப்ளிங்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். ஷபீரா 1943 நவம்பரில் கொல்லப்பட்டார். எங்கள் பள்ளியின் நடைபாதையில் கோர்ச்சாக்கின் படம் தொங்குகிறது. ஷபீராவின் படம் இல்லை. அது எங்கள் பள்ளி எந்தப் பக்கத்துப் பள்ளி என்பதைச் சொல்லிவிடுகிறது.

இனி நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

முதல் ஆண்டு, குடில் கட்டிக் கொண்டாடும் சுக்கோத் பண்டிகைக்கு முந்திய இரவு, நான் வீட்டில் இருந்து பழுப்புத் தாளில் 24 குடில்களை வெட்டினேன். பிள்ளைகள் ஒட்டுவதற்குப் பச்சைத் தாளில் கூரை ஓலை, சிவப்புத் தாளில் மாதுளம்பழம், எல்லாம் எண்ணி உறையில் போட்டேன். நான் படித்த பாலர் பாடசாலையிலும் கைவேலை என்றால் அதுதான். எல்லாருடைய வாத்தும் ஒரே வாத்தாக இருக்கும். வகுப்பாசிரியை உறையை வாங்கிப் பார்த்தார், வேலை சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டினார், அலுமாரியின் மேல்தட்டில் வைத்தார். அது அங்கேயே இருந்தது. பிறகு முற்றத்தில் சில தடிகளையும், பழைய படுக்கை விரிப்புகளையும், சோளத்தட்டைகளையும், ஒரு பிளாஸ்டிக் விரிப்பையும் கொண்டுவந்து போட்டுவிட்டு, இஸ்ரவேலர் பாலைவனத்தில் குடில்களில் இருந்த கதையைச் சொன்னார். அவ்வளவுதான்.

இரண்டு நாட்கள் தடிகள் விழுந்தன. மூன்றாம் நாள் ஆறு பிள்ளைகள் ஒரு மாதிரியாகக் குடிலை நிறுத்தினார்கள். ஒரு சிறுமி பிளாஸ்டிக் விரிப்பை இழுத்துக் கூரையாகப் போட்டாள், ஏனென்றால் ரொறன்ரோவின் அக்டோபரில் மழை வரும். இது முழுப் பிழை. சுக்கா எனப்படும் அந்தக் குடிலின் கூரை நிலத்தில் விளைந்து வெட்டப்பட்ட பொருளால் ஆனதாக இருக்க வேண்டும். வெயிலைவிட நிழல் அதிகம் இருக்க வேண்டும், ஆயினும் இடைவெளியில் விண்மீன் தெரிவது நல்லது. இவற்றில் நிழல் பற்றிய விதி தால்மூத்துக்கு அடிப்படையான மிஷ்னா என்ற நூலில் சுக்கா பகுதியின் தொடக்கத்திலேயே இருக்கிறது. மரபுவழிப் பள்ளியில் பத்து வயதுப் பையன் அதை மனப்பாடமாகச் சொல்வான். நான் விரிப்பை எடுக்கக் கையை நீட்டினேன். வகுப்பாசிரியை தலையை மெதுவாக ஆட்டித் தடுத்தார். பிள்ளைகளோடு தானும் குடிலுக்குள் மல்லாந்து படுத்தார். அந்த ஈர நிலத்தில், ஐம்பது வயதுப் பெண்மணி! ‘என்ன தெரிகிறது?’ என்று மட்டும் கேட்டார்.

நீலப் பிளாஸ்டிக் தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை. இருட்டாக இருக்கிறது என்றான் ஒருவன். இது வீடு மாதிரி இருக்கிறது என்றாள் இன்னொருத்தி, குறையாகத்தான் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் விரிப்புச் சுருட்டப்பட்டது, சோளத்தட்டைகள் மேலேறின, மறுபடி எல்லாரும் படுத்தார்கள். இப்போது வானம் துண்டு துண்டாகத் தெரிந்தது. மழை வந்தால் என்ன செய்வது என்பது விரிப்புக்காரியின் கேள்வி. அவள் அதை விடவில்லை. சூப்புக்குள் மழை விழுந்தால் குடிக்கத்தான் வேண்டுமா என்று கேட்டாள். வகுப்பாசிரியை எழுந்து உட்கார்ந்து, முகம் மலர, இதே கேள்வியை 1,800 ஆண்டுகளுக்கு முன்னர் அறிஞர்களும் கேட்டார்கள் என்றார். உள்ளே போய் அந்தத் தடித்த நூலையே தூக்கி வந்தார். மழை பெய்தால் எப்போது குடிலை விட்டுப் போகலாம்? கூழ் கெட்டுப்போகும் அளவு மழை விழும்போது. அப்படித்தான் மிஷ்னாவில் இருக்கிறது. சூப்பைப் பற்றிப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது என்ற செய்தி முற்றம் முழுவதும் பரவ ஒரு நிமிடம்கூட ஆகவில்லை; மறுகோடியில் மண் தோண்டிக்கொண்டிருந்தவர்களும் ஓடிவந்து, ஒரு சொல்லும் வாசிக்கத் தெரியாதவர்கள், அந்தப் பக்கத்தைச் சுற்றிக் குந்தினார்கள்.

நான் இந்த வேலையில் பார்த்தவற்றில் இதற்கு இணையாக ஒன்றைச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் இதை ஒரு முறையின் வெற்றியாகச் சொல்லிக்கொள்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. அந்த ஆசிரியைக்கு மிஷ்னா தெரிந்திருந்தது. சிறுவயதில் அவர் படித்தது இடுக்கமான, கண்டிப்பான ஒரு மரபுப் பள்ளியில். குழந்தை கேட்ட கேள்வியை அரைக் கணத்தில் அடையாளம் கண்டு, அதற்குரிய பக்கத்தைத் திறக்கத் தெரிந்தது அந்தப் படிப்பினால்தான். அதே இடத்தில், அதே பயிற்சிச் சான்றிதழோடு நான் தனியாக இருந்திருந்தால், நல்ல கேள்வி என்று சொல்லிச் சிரித்திருப்பேன். கேள்வி காற்றோடு போயிருக்கும். குழந்தையைப் பின்தொடர்ந்து செல் என்று எங்களுக்குக் கற்பிக்கிறார்கள். பின்தொடர்கிறவரின் கையில் என்ன இருக்க வேண்டும் என்பதைப் பற்றிய பாடங்கள் மெல்லியவை.

பின்தொடர முடியாத இடமும் உண்டு. வெள்ளிக்கிழமை அப்படி ஓர் இடம். பதினொரு மணிக்கு வெள்ளை விரிப்பு, ஹல்லா ரொட்டி, திராட்சைச் சாறு, தர்ம உண்டியல், பாட்டு. கட்டைகளால் கோபுரம் கட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அந்த நேரத்தில் அதில் விருப்பம் இருக்கிறதா என்று சபாத் என்ற ஓய்வுநாள் விசாரிப்பதில்லை. வேறொரு பாலர் பள்ளியில் நான் பயிற்சி பெற்றபோது, மூழ்கி விளையாடும் பிள்ளையை இடைநிறுத்துவது கிட்டத்தட்டக் குற்றம். இங்கே இடைநிறுத்துவதுதான் பாடம். ஓய்வுநாளில் விலக்கப்பட்ட 39 வகை வேலைகளில் கட்டுதலும் ஒன்று, ஒரு பொருளை முடித்து வைக்கும் கடைசித் தட்டும் ஒன்று. எனவே கோபுரத்தை உடைக்கவும் வேண்டாம், முடிக்கவும் வேண்டாம். மேலே ஒரு துணியைப் போர்த்தி, திங்கட்கிழமை வரை அப்படியே இருக்கட்டும் என்பார் வகுப்பாசிரியை. முதல் மாதத்தில் அழுத பிள்ளைகள் தை மாதமளவில் தாமாகவே துணியைத் தேடிப் போனார்கள்.

பெற்றோரின் கவலை வேறு. ஒன்ராறியோவில் கத்தோலிக்கப் பள்ளிகளுக்கு அரசு பணம் தருகிறது, யூதப் பள்ளிகளுக்குத் தருவதில்லை. 1996இல் கனடிய உச்ச நீதிமன்றம் அப்படித் தர வேண்டிய கட்டாயம் அரசுக்கு இல்லை என்றது; 1999இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு இது பாகுபாடு என்றது; நிலைமை மாறவில்லை. முழுக் கட்டணத்தையும் தாங்களே கட்டும் பெற்றோர், பிள்ளையைக் கூட்டிப்போக வரும்போது இன்றைக்கு என்ன படித்தாள் என்று கேட்பது இயல்பு. தடி நிறுத்தினாள் என்ற பதில் எல்லாருக்கும் போதுவதில்லை. முதலாம் வகுப்பில் நாளின் பாதி எபிரேயத்திலும் சமய பாடங்களிலும் போகும், அங்கே வழிபாட்டு நூலைக் கையில் கொடுக்கும் விழாவும் காத்திருக்கிறது.

இந்தக் கவலையை அறியாமை என்று தள்ளிவிடும் ஆசிரியைகளை எனக்குத் தெரியும். ஒருகாலத்தில் நானும் அப்படித்தான் தள்ளினேன். எல்லாப் பிள்ளையும் தன் வேளை வந்ததும் எழுத்தைத் தேடி வரும் என்பது எங்கள் துறையின் அழகான நம்பிக்கை. பலர் வருகிறார்கள். எங்களிடம் இரண்டு ஆண்டுகள் இருந்த ஒரு பையன் வரவில்லை. சொரசொரப்பான தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகள் அவன் கைக்கெட்டும் தட்டிலேயே இருந்தன. அவன் தண்ணீர்த் தொட்டியோடே காலத்தைக் கழித்தான். அவனுடைய ஆர்வத்தை மதித்தோம், படம் எடுத்துச் சுவரில் ஒட்டினோம். முதலாம் வகுப்பில் ஆங்கிலமும் எபிரேயமும் எதிரெதிர்த் திசைகளிலிருந்து ஒரே நேரத்தில் வந்தபோது அவன் தவித்த தவிப்பை, நடைபாதையில் காணும்போதெல்லாம் நான் பார்த்தேன். அவன் தாய் எங்களைக் குறைசொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

அதற்குப் பிறகு நான் ஒரு காரியம் செய்கிறேன். எழுத்துப் பக்கம் வராத பிள்ளையை நாளுக்கு ஐந்து நிமிடம் என் பக்கத்தில் இருத்தி, எழுத்தும் குறியும் சேர்த்து ராகத்தோடு சொல்ல வைக்கிறேன். என் அம்மம்மாவும் அந்தப் பழைய மெலமெத்துகளும் செய்ததைத்தான் செய்கிறேன், தடியும் வாரும் இல்லாமல். வகுப்பாசிரியைக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. பிள்ளைகளுக்கு இது வதையாக இருக்கும் என்று நானும் எதிர்பார்த்தேன், ஆனால் ராகம் பிடித்துப்போய் அவர்களாகவே தண்ணீர்த் தொட்டியடியில் பாடத் தொடங்கினார்கள். பயிற்சியைக் குழந்தைகள் வெறுக்கிறார்கள் என்பது பெரியவர்களின் முடிவு. அவர்கள் வெறுப்பது, பழைய யூத அறிஞர் ஹில்லெல் சொன்னதாக மிஷ்னாவின் ‘மூதாதையர் மொழிகள்’ பகுதியில் வருவதுபோல, பொறுமையற்றவரிடம் கற்பதை: கூச்சமுள்ளவன் கற்க முடியாது, முன்கோபி கற்பிக்க முடியாது.

யேமன் தாத்தாவோடு இதைப்பற்றி ஒருநாள் பேசினேன். மோரி அடிப்பாரா என்று கேட்டேன். அடிப்பார் என்றார், அதற்கு மேல் அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பிறகு தானாகவே வேறொன்றைச் சொன்னார். யேமன் யூதரின் வழிபாட்டில் தோராவின் ஒவ்வொரு வசனமும் எபிரேயத்தில் வாசிக்கப்பட்டதும், அதன் பழைய அரமேய மொழிபெயர்ப்பைச் சொல்வது ஒரு சிறுவனின் வேலை. ஏழு வயதில் அவர் அதைச் செய்தாராம். ஊர்ப் பெரியவர்கள் எல்லாரும் நிற்க, ஓர் உச்சரிப்புப் பிழைத்தாலும் நாலு பக்கமிருந்தும் திருத்தும் குரல் வரும். பயமாக இருக்கவில்லையா என்றேன். பயம்தான், ஆனால் நான் நிறுத்தினால் அவர்களும் நிறுத்த வேண்டும் அல்லவா என்றார்.

இதற்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் வகுப்பில் குழந்தைதான் நடுநாயகம், ஆனால் அது குழந்தைகளின் அறை. அவர்கள் கட்டும் குடிலில் பெரியவர் யாரும் பண்டிகை கொண்டாடுவதில்லை. அவருடைய அறையில் நடுவிடம் புத்தகத்துக்குப் போய்விட்டது. பிள்ளைக்குக் கிடைத்தது விளிம்பிலே ஓர் இடமும், அவன் இல்லாவிட்டால் வழிபாடு தடைப்படும் ஒரு வேலையும். பாஸ்கா விருந்தில் கடைசிப் பிள்ளை நான்கு கேள்விகளைக் கேட்டால்தான் கதை தொடங்கும் என்ற ஏற்பாட்டிலும் இதே கூர்மை இருக்கிறது. அதற்காகப் பெண்பிள்ளைகளைச் சேர்க்காத, அடி விழுகிற அந்த அறைக்கு யாரையும் திருப்பி அனுப்ப நான் விரும்பவில்லை. ஆனால் கடந்த ஆண்டிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் ஹல்லா ரொட்டியை எங்கள் நாலு வயதுக்காரர்கள்தான் பள்ளி முழுவதற்கும் பிசைகிறார்கள். பிந்தினால் மேல் வகுப்பு அண்ணன்மார் ரொட்டியில்லாமல் காத்திருக்க வேண்டும். ஒருமுறை காத்திருந்தார்கள்.

தாத்தா திரும்பிப் போவதற்கு முதல்நாள் வகுப்பாசிரியை ஒரு பெரிய எழுத்துப் புத்தகத்தைத் தரைவிரிப்பின் நடுவில் வைத்து, பிள்ளைகளை அதைச் சுற்றிப் படுக்கச் சொன்னார். எட்டுப் பேர் படுத்தார்கள், எட்டுத் திசையிலும். தாத்தா, நாற்காலி போட்டுக் கொடுத்தும் வேண்டாமென்று, தன் வழக்கமான இடத்தில், தலைமாட்டில், தரையிலேயே உட்கார்ந்தார். லாமெத் என்ற எழுத்தின் கழுத்து எந்தப் பக்கம் நீளுகிறது என்பதில் பெரிய தகராறு வந்தது. அவர் பேரன் இரண்டு மூன்று முறை எழுந்து தாத்தாவின் பக்கம் போய்ப் பார்ப்பதும் தன் இடத்துக்குத் திரும்பி வந்து பார்ப்பதுமாக இருந்தான். முதல் பக்கத்துக்கு வந்தபோது அவன் ஓடுவதை நிறுத்திவிட்டு, புத்தகத்தின் மேல் கையை வைத்து, ஆலெஃப் மட்டும் தாத்தாவின் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஆலெஃப்தான் என்று எல்லாருக்கும் அறிவித்தான். நாங்கள் தலையைச் சாய்த்துப் பார்த்தோம். ஏறத்தாழ அப்படித்தான் இருந்தது.